நாலாம் கெமரா

சீனத்தில் ஏதோ ஒரு தெரு.
தேநீர்க் கடைத் தொலைக்காட்சியில் பார்த்தோம்.
கீழே கிடந்த ஒருவரைத்
தாண்டித் தாண்டிப் போகிறார்கள்.
பதினொன்று வரை எண்ணிவிட்டு
வடையைப் பிட்டேன் நான்.
"மனுசனுகளா இதுகள்" என்றார் கடைக்கார அந்தோனிமுத்து.
எல்லோரும் ஒருமுறை 'ச்சு' கொட்டினோம்,
நாக்கில் தேங்காய்ச் சம்பலோடு.

அது ஐப்பசி.

இது கார்த்திகை. மழை.
ஹட்டன் பிரதான வீதி, அடகுக் கடை.
பொலிஸ்காரர் தொப்பியை மேசையில் வைத்து
"நாலாம் கெமராவைப் போடுங்க" என்கிறார்
பாதித் தமிழில்.
இங்கே கணக்கெழுதுகிறவன் நான்.
கெமராவின் கடவுச்சொல்லும் என்னிடம்தான்.

நேற்று மாலை ஐந்து நாற்பத்திரண்டு.
மரக்கறி மூட்டை இறக்கும் நாட்டாமி சன்னாசி
திரைக்குள் வருகிறார்,
உரச்சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு.
மின்கம்பத்தைப் பிடிக்கக் கை நீட்டுகிறார்.
கம்பம் அரை முழம் தள்ளி இருக்கிறது.

சத்தமில்லாத படம்.
தலை கல்லில் பட்டது தெரிகிறது, கேட்கவில்லை.

முதலில் வந்தவர் குடையைச் சற்றே சாய்த்துக்கொள்கிறார்.
அடுத்து ஒரு சோடி;
பேச்சு அறவில்லை.
பேக்கரிப் பையன் ரொசான் நிற்கிறான்,
போனை எடுக்கிறான்.
அம்புலன்சுக்கோ என்று
பொலிஸ்காரர் முன்னால் சாய்கிறார்.
இல்லை, படம் பிடிக்கிறான்.
நனையுதே என்று போனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு
போகிறான்.

பிறகு குடைகள்.
மேலிருந்து பார்க்கையில் குடைகள் மட்டும்,
இரவோடிரவாய்க் காளான் முளைத்த மாதிரி.
நடுவில் ஒரு சாக்கு.
"என்ன கதைக்கிறாங்க?" என்கிறார் பொலிஸ்காரர்.
"தமிழில் குடிச்சிருக்கான் என்று,
சிங்களத்தில் பீலா என்று."
இரண்டு மொழியும் ஒத்துப்போவது
இந்த ஊரில் அபூர்வம்.

"சத்தமே இல்லையே,
உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் சுட்டியைத் தேய்க்கிறேன்.

வெள்ளைச் சீருடைப் பிள்ளை ஒன்று
குடைகளுக்குள் புகுந்து குனிகிறது.
தாய் புத்தகப் பையைப் பிடித்து இழுக்கிறாள்.
படத்தின் விளிம்பு வரை
அந்தத் தலை மட்டும் பின்னோக்கியே போகிறது.

ஐந்து ஐம்பத்தேழு.
கம்பி ஒடிந்த நீலக் குடை.
வருகிறது, நிற்கிறது,
இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாறுகிறது.

என்னிடம் அப்போது ஒரு கிலோ கோவா,
மகளுக்கு இருமல் பாணி.
பொகவந்தலாவைக்குக் கடைசி பஸ் ஆறு ஐந்துக்கு.
சன்னாசியை எனக்குத் தெரியும்.
மனைவியின் தோட்டை மூன்று முறை அடகு வைத்து
மூன்று முறையும் மீட்டுப் போனவர்.
வெறியில் ஒருநாளும் கண்டதில்லை.
சீனி வருத்தம், தலை சுற்றும் என்று
ரசீதில் பெருவிரல் வைக்கையில் ஒருமுறை சொன்னார்.
நான் "அடுத்த ஆள்" என்றேன்.

இவ்வளவும் தெரிந்துதான்
அந்த நீலக் குடை பக்கத்துக் குடையிடம் சொன்னது:
குடிச்சிருக்கான்.

ஆறு பத்தொன்பதுக்கு யாரோ ஓர் ஓட்டோ.
கிளங்கன் ஆஸ்பத்திரியில் எழுதினார்கள்:
வரும்போதே உயிரில்லை.

பொலிஸ்காரர் இன்னொரு தரம் ஓட்டச் சொல்கிறார்.
யாரும் தள்ளினார்களா, அடித்தார்களா,
மடியைத் தடவினார்களா என்று
ஒவ்வொரு குடையாகப் பார்க்கிறார்.
பிறகு கொப்பியில் எழுதுகிறார்,
எழுதுவதை உரக்கச் சொல்லிக்கொண்டே:
"யாரும் ஒன்றும் செய்யவில்லை."

கீழே ஒரு கோடு.
சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்து.

கதவு மூலையில் சொட்டிக்கொண்டிருக்கிறது
கம்பி ஒடிந்த நீலக் குடை.
அவர் தொப்பியை எடுத்தபோது
அதைப் பார்த்தார்.
பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.
அவருக்கும் ஒரு பஸ் இருக்கும்.